மலையேற்றமும் தாய்ப்பாலும்: கையால் பீய்ச்சுவதா, பம்பா, சுமந்து வருவதா, கொட்டிவிடுவதா?

குழந்தையைப் பாட்டியிடம் விட்டுவிட்டு இரண்டு மூன்று நாள் மலையேறக் கிளம்பும் தாய்மார்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, எந்தப் பம்ப் வாங்கலாம் என்றுதான். பம்ப் இருக்கட்டும். அதற்கு முன்னால் முடிவாகவேண்டியது ஒன்று உண்டு: மலையில் எடுக்கும் பால் குழந்தையிடம் வந்து சேரவேண்டுமா, இல்லை மார்பு கட்டாமல், சுரப்பு குறையாமல் வீடு திரும்பினால் போதுமா? பால் வந்து சேரவேண்டும் என்றால் ஐஸ், சுத்தம், மணிக்கணக்கு எல்லாம் கூடவே வரும். போதும் என்றால் பையின் எடையும் மனச்சுமையும் பாதியாகும். ஓர் இரவுக்கு மேல் காட்டில் தங்குவதாக இருந்தால் மலையில் எடுக்கும் பாலைக் கொட்டிவிடுவதே சரி, குழந்தைக்கான பாலை முன்கூட்டியே வீட்டில் சேர்த்து வைக்கவேண்டும் என்பது எங்கள் முடிவு. அந்த முடிவுக்கு எப்படி வந்தோம் என்பதைக் கணக்கோடு சொல்கிறோம்.

இரண்டு நாள்தானே, எடுக்காமலே இருந்துவிடலாம் என்று நினைப்பவர்களும் உண்டு. கூடாது. மார்பு நிறைந்து நின்றால் சில மணி நேரத்தில் கல்லாகக் கனக்கும், கட்டி தட்டும், அது அழற்சியாகிக் காய்ச்சலில் கொண்டுபோய் விடலாம். இன்னொரு பக்கம், பால் வெளியேறாமல் தேங்கும்போது இவ்வளவு தேவையில்லை என்று உடம்பே எடுத்துக்கொண்டு சுரப்பைக் குறைக்கத் தொடங்கும். ஆகவே வீட்டில் குழந்தை எத்தனை வேளை குடிக்கிறதோ, ஏறத்தாழ அத்தனை வேளை மலையிலும் எடுக்கவேண்டும். தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் நான்கு மாதக் குழந்தைக்கு அது மூன்று மணிக்கு ஒரு தடவை. மலைப்பாதையில் அது நடக்காத காரியம், அந்த வயதில் பயணத்தைத் தள்ளிப்போடுவதே நல்லது. இட்லி, பருப்புசாதம் என்று பழகிவிட்ட எட்டு, ஒன்பது மாதக் குழந்தை என்றால் நான்கைந்து தடவை போதும். விடியற்காலை 5 மணிக்குக் கூடாரத்தை விட்டு வெளியே வருமுன், 11 மணி வாக்கில் சாப்பாட்டு நிறுத்தத்தில், 4 மணிக்கு முகாம் சேர்ந்ததும், இரவு 9 மணிக்குப் படுக்கப் போகுமுன் என்று வைத்துக்கொண்டால் நடையும் கெடாது. இரவில் குடிக்கும் குழந்தை என்றால் 2 மணி வாக்கில் மார்பு தானே எழுப்பிவிடும். அப்போது முழுதாகக் காலி செய்யாமல், கனம் குறையும் அளவுக்கு எடுத்துவிட்டுத் தூங்கலாம்.

சுமந்து வருவதா, கொட்டுவதா

அப்போதே எடுத்த பால் 25 டிகிரி அறை வெப்பத்தில் 4 மணி நேரம், உறைந்த ஐஸ் பேக்குகளுடன் வெப்பம் புகாத பெட்டியில் 24 மணி நேரம், 4 டிகிரி குளிர்பெட்டியில் 4 நாள் வரை வைக்கலாம். இது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி தரும் அளவு. முதல் எண்ணைப் படிக்கும்போது நம் ஊர் வெயிலை மறக்கக்கூடாது. நண்பகலில் முதுகுப்பையின் உள்ளே 25 டிகிரி இருக்காது. ஐஸ் இல்லாமல் பையில் வைத்த பாலுக்கு 4 மணி நேரத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவே வேண்டாம்.

காலையில் ஏறி மாலையில் இறங்கும் நடை என்றால் சுமந்து வரலாம். அதற்கு ஜெல் பேக்கை விட அகல வாய் எஃகு வெற்றிடக் குடுவை, அதாவது நாம் பிளாஸ்க் என்று சொல்வது, நன்றாக உழைக்கும். முந்தின இரவே குடுவையைக் குளிர்பெட்டியில் வைத்துக் குளிரூட்டுங்கள். காலையில் முக்கால்வாசி ஐஸ்கட்டி நிரப்புங்கள். பாலைச் சேமிப்புப் பையில் ஊற்றி, காற்றை அமுக்கி வெளியேற்றி மூடி, அதை இன்னொரு ஜிப்லாக் கவரில் போட்டு ஐஸுக்குள் செருகிவிடுங்கள். இரட்டைக் கவர் கட்டாயம். சேமிப்புப் பையின் தையல் ஓரம் கசிந்தால் பால் வீணாவதோடு ஐஸ் தண்ணீரும் பாலுக்குள் போய்விடும்.

எவ்வளவு ஐஸ்? உடம்புச் சூட்டில் இருக்கும் 150 மில்லி பாலை 4 டிகிரிக்குக் கொண்டுவர மட்டும் சுமார் 55 கிராம் ஐஸ் உருகும். மூன்று வேளைப் பாலுக்கு 165 கிராம். வெளிச்சூட்டில் கரைவதும் திறந்து மூடும்போது போவதும் சேர்த்து, ஒரு பகல் நடைக்கு அரை கிலோ ஐஸ் வைத்துக்கொண்டால் கவலையில்லை. புதிதாக எடுத்த வெதுவெதுப்பான பாலை ஏற்கெனவே குளிர்ந்த பாலோடு அப்படியே கலக்காதீர்கள். தனிப் பையில் குளிரவிட்டு, வீட்டுக்கு வந்தபின் சேர்த்துக்கொள்ளலாம்.

இரவு தங்கும் பயணத்தில் இந்தக் கணக்கு உடைகிறது. அகத்தியர்கூடத்தை எடுத்துக்கொள்வோம். 1,868 மீட்டர் உயரம், கேரள வனத்துறை ஆண்டின் தொடக்க மாதங்களில் முன்பதிவின் பேரில் திறந்துவிடும் பாதை, பெண்களுக்கு 2019-லிருந்து அனுமதி. போணக்காட்டிலிருந்து அதிருமலை முகாம் வரை முதல் நாள், உச்சிக்குப் போய்த் திரும்புவது இரண்டாம் நாள், இறக்கம் மூன்றாம் நாள் என்று நடந்தால், முதல் நாள் பகலில் எடுத்த பால் வீடு வந்து சேர 50 மணி நேரத்துக்கு மேல் ஆகும். நடுவில் ஐஸ் மாற்ற வழியில்லை. ஐஸ் பெட்டிக்கான 24 மணி நேரம் இரண்டாம் நாளே முடிந்துவிடும். இரண்டு கிலோ ஐஸைச் சுமந்துகொண்டு அட்டைக்கடிப் பாதையில் ஏறி, கடைசியில் சந்தேகத்துக்குரிய பாலைக் கொண்டுவந்து குழந்தைக்குக் கொடுப்பதா வேண்டாமா என்று தவிப்பதை விட, எடுத்ததும் கொட்டிவிட்டு நடப்பது நூறு மடங்கு மேல்.

குளிர்ந்த ஓடையில் பையை அமிழ்த்தி வைக்கலாமே என்பது அடிக்கடி வரும் யோசனை. மேற்குத் தொடர்ச்சி மலை ஓடை கைக்குச் சில்லென்று இருந்தாலும் 4 டிகிரிக்குப் பக்கத்தில்கூட வராது. பை ஓரம் கசிந்தால் ஓடைத் தண்ணீர் பாலில் கலந்துவிடும். இமயமலையில் பனியில் புதைத்து வைப்பதும் நம்பக்கூடியதல்ல. இரவில் உறையும், பகல் நடையில் பைக்குள் இளகும், மறுபடி இரவில் உறையும். ஒரு தடவை முழுதாக இளகிய பாலை மீண்டும் உறையவைத்துக் கொடுக்கக்கூடாது.

கொட்டுவதிலும் ஒழுங்கு உண்டு. முகாமில் கழிப்பறை இருந்தால் அதில் ஊற்றித் தண்ணீர் விடுங்கள். இல்லையென்றால் ஓடை, ஊற்று எதிலிருந்தும் 60 மீட்டர் தள்ளி, ஒரு சாண் ஆழக் குழியில் ஊற்றி மண் மூடுங்கள். கூடாரத்துக்குப் பக்கத்தில் ஊற்றினால் பால் வாசனைக்குக் காட்டுப்பன்றியும் கரடியும் வரலாம். பால் பட்ட பஞ்சுப் பட்டைகளையும் கூடாரத்துக்குள் போட்டு வைக்காமல், இறுக்கக் கட்டிச் சாப்பாட்டுப் பொருள்களோடு வைத்து, கீழே கொண்டுவந்துவிடுங்கள்.

நான்கு கருவிகள், அதில் ஒன்று கை

கொட்டுவது என்று முடிவானால் கருவித் தேர்வே மாறிப்போகும். எல்லாவற்றுக்கும் மேலே வைக்கவேண்டியது கையால் பீய்ச்சுவதை. எடையில்லை, பேட்டரியில்லை, கழுவ ஒன்றுமில்லை, கை மட்டும் சுத்தமாக இருந்தால் போதும். ஆனால் முதல் தடவை மலையில் முயன்றால் வலியும் நாலு சொட்டும்தான் மிஞ்சும். இரண்டு வாரத்துக்கு முன்பே வீட்டில் தினம் ஒரு வேளை பழகவேண்டும்.

செய்முறை இது. கையைக் கழுவி, மார்பை வெதுவெதுப்பான துணியாலோ உள்ளங்கையாலோ ஒரு நிமிடம் மெதுவாகத் தடவிவிடுங்கள். கட்டைவிரல் காம்புக்கு மேலே, ஆள்காட்டி விரலும் நடுவிரலும் கீழே, காம்பிலிருந்து 2.5 முதல் 4 சென்டிமீட்டர் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். விரல்களை முதலில் நெஞ்சுக்கூட்டை நோக்கி உள்ளே அமுக்கி, பிறகு ஒன்றையொன்று நோக்கி அழுத்தி, விடுங்கள். அமுக்கு, அழுத்து, விடு. விரல் தோலின் மேல் வழுக்கக்கூடாது. வழுக்கினால் தோல் எரியும், பாலும் வராது. காம்பையே பிடித்து இழுப்பதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு, பால் தேங்கி நிற்பது காம்பில் அல்ல, அதற்குப் பின்னால். முதல் ஒன்றிரண்டு நிமிடம் சொட்டுத்தான் வரும். பால் இறங்கியதும் பீய்ச்சியடிக்கும். ஒரு பக்கம் ஐந்தாறு நிமிடம், மறுபக்கம் ஐந்தாறு நிமிடம், பிறகு விரல்களைக் கடிகார முள் போலச் சுற்றி இடம் மாற்றி வைத்து இரண்டாம் சுற்று. எல்லாம் சேர்த்து 20 முதல் 25 நிமிடம் ஆகும். குழந்தையின் படத்தைப் பார்ப்பது, அதன் துணியை முகர்வது இரண்டும் பால் இறங்க உண்மையாகவே உதவும். துணி ஒன்று பையில் இருக்கட்டும்.

அடுத்தது கைப்பிடி பம்ப். கையால் பீய்ச்சினால் மணிக்கட்டு வலிப்பவர்களுக்கும், நிறையச் சுரப்பவர்களுக்கும் இது ஏற்றது. மெடெலா ஹார்மனி, பிலிப்ஸ் அவென்ட் போன்றவை நம் ஊரில் எளிதாகக் கிடைக்கின்றன. ஹார்மனியின் கைப்பிடியில் குட்டை முனை பாலைத் தூண்ட, நீள முனை எடுக்க. வாங்கும்போது கவனிக்கவேண்டியது மார்பில் பொருத்தும் புனலின் அளவு. காம்பின் குறுக்களவை மில்லிமீட்டரில் அளந்து, அதற்கு மேல் மூன்று மில்லிமீட்டருக்குள் இருக்கும் புனலைத் தேர்ந்தெடுங்கள். பெட்டியோடு வருவது பெரும்பாலும் 24 மி.மீ., அது பெரிதாகிப்போகும் பெண்கள் நிறையப் பேர். பெரிய புனலில் கருவளையத் தோலும் உள்ளே இழுபட்டு வீங்கும், பால் குறையும். உறிஞ்சும் விசை திடீரென்று குறைந்தால் பம்ப் கெட்டுவிட்டது என்று பதறவேண்டாம், பத்துக்கு ஒன்பது தடவை சிறு வெள்ளை வால்வு கிழிந்திருக்கும் அல்லது சரியாக உட்கார்ந்திருக்காது. நகத்தால் நெம்பிக் கழற்றுவதால்தான் அது கிழிகிறது. இரண்டு உதிரி வால்வுகள் தீப்பெட்டி அளவு டப்பியில் அடங்கிவிடும், அவை இல்லாமல் கிளம்பாதீர்கள்.

பிராவுக்குள் வைக்கும் மின்சாரக் கிண்ணப் பம்ப் நகரத்தில் அலுவலகம் போகிறவர்களுக்குப் பெரிய வரம். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் 20 நிமிடத்தில் முடிந்துவிடும், கை இரண்டும் ஓய்வாக இருக்கும். மலையில் அதன் குறைகள் துருத்தும். நடந்துகொண்டே எடுக்கலாம் என்ற விளம்பரத்தை நம்பி ஏற்றத்தில் போட்டுக்கொண்டால், குனியும்போது கிண்ணத்தின் மேல்துளை வழியாகப் பால் கொட்டும், முதுகுப்பையின் மார்புப் பட்டை கிண்ணத்தை நகர்த்திக் காற்று புகவிடும். உட்கார்ந்துதான் எடுக்கவேண்டும், அப்படியானால் கைப்பிடி பம்பை விடக் கிடைக்கும் லாபம் கொஞ்சம் நேரம் மட்டுமே. பல மாடல்கள் ஒரு சார்ஜில் நாலைந்து வேளைதான் தாங்கும். 10,000 எம்ஏஎச் பவர் பேங்க் மூன்று நாளைக்குத் தாராளமாகப் போதும், ஆனால் சில பவர் பேங்குகள் குறைந்த மின்னோட்டம் எடுக்கும் கருவியை இணைத்தால் தாமாகவே அணைந்துவிடும். இரவு சார்ஜில் போட்டுக் காலையில் பார்த்தால் பம்ப் காலியாக இருக்கும். வீட்டிலேயே அதே கம்பி, அதே பவர் பேங்க் வைத்து ஒரு தடவை முழு சார்ஜ் ஏற்றிப் பாருங்கள்.

சிலிக்கான் உறிஞ்சு கிண்ணம் குழந்தை ஒரு பக்கம் குடிக்கும்போது மறுபக்கம் ஒழுகுவதைப் பிடிக்கத்தான். குழந்தை இல்லாத இடத்தில் அது மட்டும் மார்பைக் காலி செய்யாது. கையால் பீய்ச்சும்போது பாலை ஏந்த ஏனமாக வைத்துக்கொள்ளலாம், மடங்கும், உடையாது.

கழுவும் தொல்லை

கருவிகளை உண்மையில் தரம் பிரிப்பது கழுவும் வேலைதான். குழந்தைக்குக் கொடுக்கப்போகும் பால் என்றால் ஒவ்வொரு வேளைக்கும் பின் பாகங்களைக் கழற்றி, இதற்கென்றே வைத்த பாத்திரத்தில் சோப்பும் வெந்நீரும் விட்டுக் கழுவி, காற்றில் உலரவைக்கவேண்டும். பொதுத் தொட்டியில், ஓடையில் அலசுவது கூடாது. தண்ணீரைக் கொதிக்கவைத்துச் சுத்திகரிப்பதாக இருந்தால் நன்றாகக் கொப்புளித்துக் கொதித்தபின் ஒரு நிமிடம், 2,000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிடம். உயரம் கூடக்கூடக் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும் என்பதால்தான் இந்தக் கூடுதல் நேரம். கைப்பிடி பம்பில் கழுவ நாலைந்து பாகம். கிண்ணப் பம்பில் பக்கத்துக்கு நாலைந்து என்று இரட்டிப்பு, அதிலும் மோட்டார் பகுதி நனையக்கூடாது. பகல் நடையில் பாலைச் சுமந்துவர நினைப்பவர்கள், கழுவி உலர்த்திய பாக செட்களை வேளைக்கு ஒன்றாகத் தனித்தனி ஜிப்லாக்கில் எடுத்துப்போனால் வழியில் கழுவும் வேலையே இல்லை. கொட்டுகிறவர்களுக்குப் பம்பைச் சோப்புத் தண்ணீரில் அலசி, குடிநீரால் ஒரு தடவை கழுவி, உதறி உலர்த்தினால் போதும். கொட்டும் முடிவு இவ்வளவு பெரிய வேலையைக் குறைத்துவிடுகிறது.

மேற்குத் தொடர்ச்சி மலைக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. அட்டைக்காகக் காலுறையில் புகையிலைத் தண்ணீரோ மூக்குப்பொடியோ தடவிய கையோடு மார்பைத் தொடாதீர்கள். கொசு விரட்டிக் களிம்புக்கும் இதுவே. சானிடைசர் கிருமியைக் கொல்லுமே தவிர, தோலில் ஒட்டிய புகையிலையையோ மண்ணையோ போக்காது. சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவியபின்தான் சானிடைசர், அதுவும் முழுதாகக் காய்ந்தபின் தொடவேண்டும்.

3,000 மீட்டருக்கு மேலே

இமயமலையின் கேதார்காந்தா போலச் சுமார் 3,800 மீட்டர் உச்சிக்குப் போகிறவர்கள் பம்பின் கையேட்டைப் புரட்டிப் பார்க்கவேண்டும். பல மின்சாரப் பம்புகளில் இயங்கும் காற்றழுத்தம் 70 முதல் 106 கிலோபாஸ்கல் என்று போட்டிருக்கும். 3,000 மீட்டரில் காற்றழுத்தம் ஏறத்தாழ 70-க்கு வந்துவிடுகிறது. அதற்கு மேல் போகப்போக, அதே மோட்டார் அதே எண்ணில் வைத்தாலும் இழுவை குறைந்து தெரியும். இதோடு குளிர் சேரும்போது லித்தியம் பேட்டரி பாதியில் படுத்துவிடும். உறைநிலைக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்வதும் பேட்டரிக்குக் கெடுதல். பம்பையும் பவர் பேங்கையும் இரவில் தூங்கும் பைக்குள் போட்டுக்கொள்ளுங்கள். கையால் பீய்ச்சுவது அழுத்தத்தால் நடக்கிறது, உறிஞ்சலால் அல்ல. அதனால் எந்த உயரத்திலும் அது மாறாது. உயர நோய்க்கு டயமாக்ஸ் போடும் எண்ணம் இருந்தால், பாலூட்டுவதைச் சொல்லிக் கிளம்புமுன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பட்டை, கட்டி, காய்ச்சல்

மலையேறும் தாய்க்குப் பால் கட்டுவதற்குப் பம்பை விடப் பெரிய காரணம் முதுகுப்பை. மார்புப் பட்டை அழுத்தும் இடத்தில் பால்வழி நசுங்கி, அந்தக் கோட்டிலேயே கட்டி வரும். பட்டையைக் கழுத்தெலும்புக்குச் சற்றுக் கீழே வரை ஏற்றிக்கட்டி, எடையை இடுப்புப் பட்டையில் இறக்குங்கள். இறுக்கமான விளையாட்டு பிராவுக்குப் பதில் ஓரளவு தளர்ந்த நர்சிங் பிரா. ஓய்வு நிறுத்தம்தோறும் பட்டையை அவிழ்த்துவிடுங்கள்.

கட்டி தட்டுப்பட்டால் பழைய வழக்கப்படி சூடு வைத்து அழுத்தித் தேய்ப்பதும், காலியாகும்வரை விடாமல் எடுப்பதும் வீக்கத்தைக் கூட்டும் என்பதுதான் இன்றைய மருத்துவ வழிகாட்டுதல். குளிர்ந்த ஈரத்துணி ஒற்றடம், வழக்கமான வேளைகளில் வழக்கமான அளவு எடுப்பது, பாலூட்டும் தாய்க்கு ஒத்துப்போகும் இபுபுரூஃபன் மாத்திரை (மருத்துவர் தடை சொல்லியிருக்காவிட்டால்), அந்த நாள் பை வேறொருவர் தோளில். மார்பு சிவந்து சூடாகி, குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் அடுத்த முகாமுக்கு ஏறாமல் இறங்குங்கள். ஒரு நாளைக்குள் தணியாவிட்டால் மருத்துவர் பார்த்தே ஆகவேண்டும், அதனால்தான் ஒரே நாளில் சாலைக்கு இறங்க முடியாத பாதையை முதல் பயணமாகத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்கிறோம்.

வீட்டுச் சேமிப்பு

மலையில் கொட்டும் மனம் வரவேண்டுமானால் வீட்டு உறைபெட்டி நிறைந்திருக்கவேண்டும். தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தைக்கு மணிக்குச் சுமார் 30 மில்லி என்று கணக்குப் போடலாம், ஒரு நாளைக்கு 700 மில்லியைத் தாண்டும். திட உணவு பழகிய குழந்தைக்கு இதில் குறையும். மூன்று வாரம் முன்பே தொடங்கி, காலை முதல் வேளைக்குப் பின் ஒரு தடவை கூடுதலாக எடுத்தால் தினம் 30 முதல் 60 மில்லி சேரும். 60, 90 மில்லியாகப் பிரித்துத் தேதி எழுதி, பையைப் படுக்கைவாட்டில் தட்டையாக உறையவையுங்கள். தட்டையானது சீக்கிரம் இளகும், இடமும் அடைக்காது. இளகியபின் குளிர்பெட்டியில் 24 மணி நேரத்துக்குள் தீர்க்கவேண்டும் என்று பாட்டியிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

முக்கியமான சோதனை ஒன்றைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். சிலருடைய பால் உறைந்து இளகியபின் சோப்பு வாசனை அடிக்கும், லிப்பேஸ் என்ற நொதி கொழுப்பை உடைப்பதால் வருவது. கெட்டுப்போனதல்ல, ஆனால் சில குழந்தைகள் துப்பிவிடும். சேமிப்பு தொடங்கிய முதல் வாரத்திலேயே ஒரு பையை இளக்கி, வீட்டில் கொடுக்கப்போகிறவர் கையாலேயே கொடுத்துப் பாருங்கள். குழந்தை மறுத்தால், இனி எடுப்பதை ஓரத்தில் குமிழ் வரும் வரை மட்டும் சூடாக்கி, உடனே குளிரவைத்து உறையவைத்தால் வாசனை வராது.

யாருக்கு எது

ஒரு பகல் நடைக்குக் கைப்பிடி பம்ப், வேளைக்கு ஒரு செட் பாகம், ஐஸ் குடுவை எடுத்துக்கொண்டு பாலைக் கொண்டுவாருங்கள். கார் நிற்கும் இடத்தில் முகாம், மின்சாரமும் குளிர்பெட்டியும் உள்ள தங்குமிடம் என்றால் மின்சாரப் பம்பும் சரிதான். அங்கே பாலைச் சேமிக்கவும் தயங்கவேண்டாம். ஓரிரவு, ஈரிரவு காட்டு முகாமுக்குக் கையால் பீய்ச்சப் பழகி, கைப்பிடி பம்பை மாற்றாக வைத்துக்கொண்டு, எடுத்ததைக் கொட்டுங்கள். இமயமலைக்கும் அதுவேதான், அங்கே கை முதல், பம்ப் இரண்டாவது. மின்சாரக் கிண்ணத்தை மட்டுமே நம்பி எந்த மலைக்கும் போகாதீர்கள்.

இறங்கிய அன்று எடுக்கும் பாலைக் கொண்டுவரலாம். சாலைக்கு வந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, தனியே மூடி வைத்த சுத்தமான செட்டால் எடுத்து, வழியில் ஐஸ் வாங்கிக் குடுவையில் வையுங்கள். தமிழ்நாட்டுப் பேருந்து நிலையங்களில் 2015 முதல் தாய்மார்கள் பாலூட்டும் அறைகள் உண்டு, எடுப்பதற்கு அவற்றைப் பயன்படுத்தலாம். வீடு சேர ஒரு மணி நேரத்துக்குள் இருந்தால் எடுக்கவேண்டாம், குழந்தைக்கு விட்டுவையுங்கள். மார்பு மிகவும் விறைத்திருந்தால் குழந்தையால் கவ்வ முடியாது, கையால் கொஞ்சம் பீய்ச்சிக் கருவளையத்தை இளக்கியபின் கொடுங்கள். இரண்டு மூன்று நாள் சுரப்பு சற்றுக் குறைந்து தெரிந்தால், கேட்கும்போதெல்லாம் கொடுத்துவந்தாலே அது பழைய நிலைக்கு வந்துவிடும்.